இமானி விண்ட்ஸ்: ஐந்து துளைக்கருவிகளும் எழுதுவித்த இசையும்

இமானி விண்ட்ஸ் நியூயார்க்கை மையமாகக் கொண்டு இயங்கும் துளைக்கருவி ஐவர் குழு. புல்லாங்குழல் கலைஞரும் இசையமைப்பாளருமான வேலரி கோல்மன் 1997இல் இதைத் தொடங்கினார். புல்லாங்குழலில் கோல்மன், ஓபோவில் டோயின் ஸ்பெல்மன்-டியாஸ், கிளாரினெட்டில் மரியம் ஆடம், ஹார்னில் ஜெஃப் ஸ்காட், பசூனில் மோனிகா எல்லிஸ் என்பது நெடுங்காலம் நீடித்த அமைப்பு. பின்னர் கோல்மன், ஆடம், ஸ்காட் மூவரும் விலக, பிராண்டன் பேட்ரிக் ஜார்ஜ், மார்க் டோவர், கெவின் நியூட்டன் ஆகியோர் அவ்விடங்களுக்கு வந்தனர். ‘இமானி’ என்றால் சுவாஹிலி மொழியில் நம்பிக்கை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா விழாவில் போற்றப்படும் ஏழு நெறிகளில் அது ஏழாவது.

இக்குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, வெள்ளையர் மட்டுமே நிறைந்திருந்த செவ்விசை மேடையில் கறுப்பின, லத்தீன் மரபு கொண்ட ஐவர் வந்து அமர்ந்தார்கள் என்பது. அது உண்மை, முக்கியமானதும்கூட. ஆனால் அத்தோடு நிறுத்திக்கொண்டால் அவர்கள் வாசித்த இசையைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவர்களாகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவர்கள் பிறரைக்கொண்டு எழுதுவித்த படைப்புகளில் எவை நிற்கின்றன, ஏன் நிற்கின்றன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்து கருவிகள், ஐந்து குணங்கள்

மேற்கத்திய இசையில் நான்கு நரம்புக்கருவிகள் சேர்ந்த நால்வர் குழுவுக்கு ஹைடன் ஒருவர் மட்டுமே 68 படைப்புகள் எழுதியிருக்கிறார். மொஸார்ட், பேத்தோவன், ஷூபர்ட், பார்டோக் என்று அந்தச் செல்வம் நீள்கிறது. துளைக்கருவி ஐவர் குழுவுக்கு அந்தப் பேறு இல்லை. ஹைடன், மொஸார்ட், பேத்தோவன் மூவரும் இந்த ஐந்து கருவிகளின் கூட்டுக்கு ஒன்றும் எழுதவில்லை. பாரிஸில் அன்டோன் ரைக்கா 1810களில் எழுதிய 24 ஐவர் படைப்புகளும், ஃபிரான்ஸ் டான்ஸியின் ஒன்பதும்தான் தொடக்கக் கால மூலதனம். அதன்பின் நீண்ட இடைவெளி. 1922இல் கார்ல் நீல்சனும் பால் ஹிண்டமித்தும், 1924இல் ஷோன்பெர்க்கும் எழுதிய பிறகே இந்த வடிவத்துக்கு மீண்டும் உயிர் வந்தது.

இதற்குக் காரணம் கருவிகளிலேயே இருக்கிறது. நரம்புக்கருவிகள் நான்கும் ஒரே குடும்பம். ஒன்றின் நாதம் மற்றதில் எளிதில் கரையும். இங்கோ ஐந்தும் ஐந்து வீட்டுப் பிள்ளைகள். புல்லாங்குழலில் சீவாளியே கிடையாது. கிளாரினெட்டுக்கு ஒற்றைச் சீவாளி. ஓபோவுக்கும் பசூனுக்கும் நம் நாகசுரத்தைப் போல இரட்டைச் சீவாளி. ஹார்ன் பித்தளைக் கருவி, உதட்டின் அதிர்விலேயே ஒலிப்பது. மரக்காற்றுக் கருவிகளின் கூட்டத்தில் அது விருந்தாளியாக வந்து தங்கிவிட்டது. புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி மெலிந்து ஒலிக்கும். அதே சுரங்களை ஓபோவில் மெதுவாக வாசிப்பது மிகக் கடினம். ஆகவே ஒரே சுரத்தை இருவரும் சேர்ந்து பிடித்தாலும் ஓபோதான் முன்னே வந்து நிற்கும். மூச்சும் சமமில்லை. புல்லாங்குழல்காரருக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஓபோக்காரருக்கு அது தீராமல் நெஞ்சில் தேங்குகிறது, உள்ளே இழுப்பதற்கு முன் அவர் வெளியே விட வேண்டும். ஒரு நீண்ட சுரக்கூட்டை ஐவரும் ஒரே அளவில் தாங்கிப் பிடிப்பதென்பது ஐந்து வேறுபட்ட உடல்களின் ஒப்பந்தம்.

நல்ல இசையமைப்பாளர் இந்தப் பொருந்தாமையை மறைக்க முயல மாட்டார். அதைத்தான் இசையாக்குவார். இமானி விண்ட்ஸ் எழுதுவித்தவற்றை அளக்க எனக்குத் தெரிந்த முதன்மையான அளவுகோல் இது.

உமோஜா

புதிய படைப்பை எழுதும்படி இசையமைப்பாளருக்குப் பணம் கொடுத்துக் கேட்பதை மேற்கில் கமிஷன் என்பார்கள். தமிழில் அச்சொல் தரகுக்குப் போய்விட்டதால் ‘எழுதுவித்தல்’ என்றே இங்கு சொல்லலாம். விந்தை என்னவென்றால், இந்தக் குழுவின் வழியாக உலகுக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பரவலாக வாசிக்கப்படும் படைப்பு யாரிடமும் கேட்டு வாங்கியதல்ல. அது கோல்மனே எழுதிய ‘உமோஜா’. உமோஜா என்றால் ஒற்றுமை. குவான்சாவின் ஏழு நெறிகளில் முதலாவது. குழுவின் பெயர் ஏழாவது நெறி, அதன் முத்திரைப் பாடல் முதல் நெறி.

முதலில் பெண்கள் சேர்ந்திசைக்காக எழுதப்பட்ட இப்பாடலைக் குழு தொடங்கிய காலத்தில் கோல்மன் ஐவருக்காக மாற்றியமைத்தார். ஒரு சில நிமிடங்களே நீளும். ஹார்ன் பாடுவதுபோல ஒரு மெட்டை எடுக்கிறது. மற்றவை தாளத் துணுக்குகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதைத் தாங்குகின்றன. ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்லும் ஆப்பிரிக்க மரபுப் பாடல்முறை. இதில் ஐவரும் ஒரே குரலாகக் கரைய வேண்டிய கட்டாயம் இல்லை. அழைப்பவர் ஒரு குரல், பதில் சொல்பவர் வேறு குரல் என்பதுதான் அந்த வடிவத்தின் உயிர். நரம்புக்கருவிகளுக்கு மாற்றினால் மெட்டு இருக்கும், ஆளுக்கொரு குரல் என்ற உணர்வு குறையும். கூட்டத்தில் விருந்தாளியான ஹார்னுக்கு முதற்குரலைக் கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவருக்கே தோன்றக்கூடிய யோசனை.

இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் துளைக்கருவி மாணவர்கள் ஐவர் சேர்ந்தால் உமோஜாவை எடுக்கிறார்கள். 2019இல் பிலடெல்பியா இசைக்குழு இதன் பெருங்குழு வடிவத்தைக் கோல்மனிடம் எழுதுவித்து அரங்கேற்றியது. வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவரின் செவ்விசைப் படைப்பை அந்தக் குழு வாசித்தது அதுவே முதல் முறை. 1900இல் தொடங்கிய குழு அது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜாஸ் கலைஞர்களிடம் கேட்டபோது

பத்தாண்டு நிறைவையொட்டி இமானி விண்ட்ஸ் ‘லெகஸி கமிஷனிங் ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் ஒரு தொடர்முயற்சியைத் தொடங்கியது. அதில் வந்த பெயர்களைப் பார்த்தால் குழுவின் துணிவு புரியும். ஜேசன் மொரான், டானிலோ பெரெஸ், ஸ்டெஃபோன் ஹாரிஸ் போன்ற ஜாஸ் கலைஞர்கள். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ரொபெர்ட்டோ சியெரா. அரபு இசை மரபிலிருந்து சைமன் ஷஹீன். இவர்களில் பலர் ஐவர் குழுவுக்கென்று எழுதிப் பழகியவர்கள் அல்லர்.

அதற்குச் சற்று முன்பே, 2006இல், சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டர் இவர்களுக்காக ‘டெர்ரா இன்காக்னிட்டா’வை எழுதினார். தன் சொந்தக் குழுவுக்கு வெளியே உள்ள ஒரு குழுவுக்கென அவர் எழுதிய முதல் படைப்பு அது. பின்னர் 2013இல் வெளிவந்த ஷார்ட்டரின் ‘வித்தவுட் எ நெட்’ தொகுப்பில் உள்ள ‘பெகாசஸ்’ என்ற நீண்ட படைப்பில், அவரது நால்வரோடு இந்த ஐவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஷார்ட்டர் சீவாளிக் கருவிக்காரர். மூச்சு எங்கே முடியும் என்பது அவர் கைக்குத் தெரியும். வாக்கியங்கள் முடியாமல் முறிவதும், ஒரு கருவி விட்ட இடத்தில் எதிர்பாராத இன்னொன்று எடுப்பதும் அவரிடம் இயல்பாக வருகின்றன.

பியானோ கலைஞரான மொரானின் ‘கேன்’ லூசியானா மாநிலத்தின் நாக்கட்டிஷ் ஊரில் வேர்கொண்ட தன் மூதாதையரின் கதையைச் சொல்கிறது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற மேரி தெரேஸ் குவான்குவான் அதன் நாயகி. கதை வலுவானது, தாளக்கட்டும் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் பல இடங்களில் பத்து விரல்களுக்குத் தோன்றிய சுரக்கூட்டுகளை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்ததுபோல் என் காதுக்குக் கேட்கிறது. நிகழ்ச்சிக் குறிப்பைப் படிக்காமல் கேட்பவருக்கு இதில் பாதிதான் போய்ச் சேரும்.

ப்ரூயிஸ்

2021இல் வெளியான ‘ப்ரூயிஸ்’ தொகுப்பு குழுவின் ஆகச் சிறந்த ஒலிப்பதிவு என்பது என் கணிப்பு. சிறுகுழு இசைக்கான கிராமி விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. விஜய் ஐயர், ரீனா எஸ்மைல், ஃபிரெடெரிக் ஷெவ்ஸ்கி ஆகிய மூவரின் படைப்புகள் அதில் உள்ளன.

தொகுப்புக்குப் பெயர் தந்த படைப்பு விஜய் ஐயருடையது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோருக்கு 1971இல் பிறந்தவர் அவர். ஜாஸ் பியானோ கலைஞர், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். ப்ரூயி என்பது மருத்துவச் சொல். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், அந்த இடத்தில் ரத்தம் சுழித்து ஓடும் இரைச்சல் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும். அந்த ஒலிக்குத்தான் இப்பெயர். பிரெஞ்சில் அது பொதுவாகச் சத்தத்தைக் குறிக்கும்.

2012இல் புளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக்கொல்லப்பட்டான். சுட்டவர் 2013இல் விடுதலையானார். ஐயரின் படைப்பு அந்த நாட்களிலிருந்து எழுந்தது. ஐந்து துளைக்கருவிகளோடு பியானோவும் சேர்கிறது. தற்காப்புக்காகப் பின்வாங்காமல் சுடலாம் என்று அனுமதிக்கும் அம்மாநிலச் சட்டத்தின் வாசகங்கள் பேச்சாக உள்ளே வருகின்றன.

இத்தகைய படைப்புகளில் ஓர் ஆபத்து உண்டு. செய்தி கனமாக இருப்பதால் கேட்பவர் முன்கூட்டியே தலைவணங்கிவிடுவார். இசை எப்படி இருந்தாலும் குறைசொல்லக் கூச்சப்படுவார். ஐயர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. தடைபட்ட ஓட்டம் என்ற தலைப்பின் கருத்து நேராகக் கருவிகளுக்குள் இறங்குகிறது. சீவாளியும் குழலும் இயல்பிலேயே காற்றுக்குக் கொடுக்கப்படும் தடைகள். தடை இல்லாவிட்டால் ஒலியே இல்லை. மூச்சு திணறுவது, ஒருவரை ஒருவர் இடைமறிப்பது, ஓட்டம் பிடித்த தாளம் திடீரென்று சிக்கிக்கொள்வது எல்லாம் உவமைகளாக நிற்காமல் ஐந்து பேரின் உடலில் நடக்கும் காரியங்களாகின்றன. சட்ட வாசகம் பேசப்படும் இடங்களில்தான் எனக்குச் சிறு தயக்கம். துளைக்கருவிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சொற்கள் மறுபடி சொல்கின்றன. ஆனால் சட்டத்தின் உயிரற்ற நடை, மூச்சோடு போராடும் இசைக்கு எதிரே நிற்கும்போது உண்டாகும் குளிர்ச்சியையும் மறுக்க முடியவில்லை.

ரீனா எஸ்மைலின் ‘தி லைட் இஸ் தி சேம்’ தமிழ் வாசகர்களுக்குத் தனியாகச் சுவை தரக்கூடியது. வாசஸ்பதி, யமன் என்ற இரண்டு ஹிந்துஸ்தானி ராகங்களை எடுத்து, முதலில் வெவ்வேறு உலகங்களாகக் காட்டி, போகப்போகப் பின்னுகிறார். விளக்குகள் பலவானாலும் ஒளி ஒன்று என்ற ரூமியின் பெயரால் வழங்கும் கருத்திலிருந்து தலைப்பு வருகிறது. வாசஸ்பதி கர்நாடக மரபிலிருந்து வடக்கே போன ராகம். மேளகர்த்தா வரிசையில் அது 64. யமனுக்கு நிகரான மேசகல்யாணி 65. அடுத்தடுத்த வீடுகள். ஷட்ஜம் முதல் தைவதம் வரை எல்லாச் சுரங்களும் ஒன்றே. வாசஸ்பதிக்குக் கைசிகி நிஷாதம், கல்யாணிக்குக் காகலி நிஷாதம். அரைச்சுர வித்தியாசம்தான் இரண்டு உலகங்களையும் பிரிக்கிறது. மதங்களைப் பற்றிய ஒரு வாதத்தை இவ்வளவு சிக்கனமாக இசையில் வைத்தது எஸ்மைலின் கூர்மை.

குறையும் உண்டு. சாவிகள் பொருத்திய ஓபோவிலும் பசூனிலும் கமகம் ஓரளவுக்குத்தான் வரும். நாகசுரத்திலோ, ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டிலோ கல்யாணி கேட்ட காதுக்கு இங்கே நிஷாதம் அசையாமல் நிற்பது உறுத்தும். எஸ்மைல் அதை அறிந்தே ராகத்தின் அசைவைவிடச் சேர்க்கைகளையும் நிறமாற்றங்களையும் நம்புகிறார். வாசஸ்பதியின் கனம் பசூனின் கீழ்ஸ்தாயிக்கு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு ராகங்களும் பின்னும் பகுதியில், எது எந்த ராகம் என்று காது தேடுகிற அந்தச் சில கணங்களே படைப்பின் உச்சம். அதைக் கடந்ததும் இனிமை சற்றுக் கூடிப்போகிறது.

விருதும் அதன்பின்னும்

2024இல் இமானி விண்ட்ஸுக்குக் கிராமி விருது கிடைத்தது. ஜெஃப் ஸ்காட் எழுதிய ‘பேஷன் ஃபார் பாக் அண்ட் கோல்ட்ரேன்’ செவ்விசைத் தொகுப்புப் பிரிவில் வென்றது. ஓபோ கலைஞர் ஸ்பெல்மன்-டியாஸின் தந்தையும் கவிஞருமான ஏ.பி. ஸ்பெல்மனின் கவிதைகளைச் சுற்றி எழுந்த பெரும்படைப்பு அது. அவரே குரலும் கொடுக்கிறார். ஹார்லெம் நால்வர் குழுவும் ஜாஸ் மூவரும் உடன் வாசிக்கிறார்கள். விரிவும் உணர்ச்சியும் நிறைந்த வேலை. எனினும் இத்தனை கருவிகளுக்கு நடுவே ஐவர் குழு பல நேரம் பக்கவாத்தியமாகிவிடுகிறது. துளைக்கருவி ஐவர் எப்படி ஒலிக்க முடியும் என்று அறிய வருகிறவருக்கு இதைவிட, அதே ஸ்காட் ஐவருக்கு மட்டும் எழுதிய குறும்புத்தனமான ‘ஸ்டார்ட்டின் சம்திங்’ அதிகம் கற்றுத்தரும்.

எழுதுவித்த படைப்புக்கு அரங்கேற்றம் ஒரு சோதனை அல்ல. பணம் கொடுத்தவர் எப்படியும் வாசித்துவிடுவார். கேட்டு வாங்காத இன்னொரு குழு அதைத் தேடி எடுக்கிறதா என்பதே சோதனை. உமோஜா அதைத் தாண்டிவிட்டது. எஸ்மைலின் படைப்புக்கு ஐந்து பேர் போதும் என்பதால் அதற்கும் வழி எளிது. ‘ப்ரூயிஸ்’ கேட்பது அதிகம்: நல்ல பியானோ கலைஞர், பேசத் துணிந்த வாசிப்பாளர்கள், அமெரிக்கச் சட்டம் ஒன்றின் நினைவு. அந்த வழக்கை அறியாத ஊரில், வேறு ஐவர் அதை வாசிக்கும்போது சொற்கள் மங்கலாம். முறிந்து முறிந்து மீளும் அந்த மூச்சு மங்காது என்றே நினைக்கிறேன்.