துவராடையா, மரபணுவா?: 'ஏழாம் அறிவு' படத்தை முன்வைத்து

'ஏழாம் அறிவு' படத்தை இன்னும் ஒருமுறை பேசவேண்டியிருக்கிறது. 2011 தீபாவளிக்கு வந்து ஓடி முடிந்த படம், இப்போ எதுக்கு என்று கேட்கலாம். 2020இல் கொரோனா வந்தபோது நம்ம பையன்கள் இந்தப் படத்தைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். சீனாக்காரன் நோயை அனுப்புவான்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க பாரு என்று ஒரே பேச்சு. ஒன்பது வருசம் கழித்தும் ஒரு சினிமா சனங்களின் வாயில் கிடக்கிறதென்றால் அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. அது சொல்லும் கருத்து யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்தாக வேண்டும்.

கதை இதுதான். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசன் போதிதர்மன் சீனாவுக்குப் போகிறான். அங்கே மருத்துவமும் சண்டைக்கலையும் கற்றுக்கொடுத்துச் சாகிறான். இன்றைய சென்னையில் சர்க்கஸ் தொழிலாளி அரவிந்த். அவன் போதிதர்மனின் வாரிசு, பாட்டனின் திறமை அவன் மரபணுவில் உறங்குகிறது, எழுப்பிவிடலாம் என்கிறாள் ஆய்வு மாணவி சுபா. இந்தியாவில் நோய் பரப்பவும் சுபாவைக் கொல்லவும் சீனா டோங் லீ என்ற ஆளை அனுப்புகிறது. கடைசியில் ரத்தம் விழித்துக்கொள்கிறது, தமிழன் ஜெயிக்கிறான்.

மயிலாப்பூரில் லஸ் பக்கத்து டீக்கடையில் இதைப் பற்றி நான் குறை பேசியபோது என் சித்தப்பா மகன் சண்டைக்கே வந்துவிட்டான். "அண்ணே, இங்கிலீஷ் படத்துல எல்லாம் வெள்ளக்காரன்தான் ஒலகத்தக் காப்பாத்துறான். கைதட்டிப் பாக்குறோம். நம்ம ஊரு ஆளு ஒருத்தன் காப்பாத்துனா மட்டும் ஒனக்கு ஏன் எரியுது?" என்றான். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தப்பிக்கக் கூடாது.

அறிவியல் புனைவு என்கிற சரக்கே காலனிய காலத்துச் சரக்குதான். எச்.ஜி. வெல்ஸ் செவ்வாய்க்கிரகத்தார் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கும் நாவலை 1898இல் புத்தகமாக வெளியிட்டார். அதன் தொடக்கத்திலேயே டாஸ்மேனியப் பூர்வகுடிகளை வெள்ளையர்கள் அழித்ததைச் சுட்டுகிறார். நாங்கள் மற்றவர்களுக்குச் செய்ததை எங்களுக்கே ஒருவன் செய்தால் எப்படியிருக்கும் என்ற பயமும் குற்ற உணர்வும் அந்தக் கதையில் இருக்கிறது. ஆகவே அடிமைப்பட்ட நாட்டுக்காரன் அதே வடிவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் போட்டால் தப்பே இல்லை, போடத்தான் வேண்டும். ஆனால் முருகதாஸ் திருப்பிப் போடவில்லை. இருக்கிற நாற்காலியில் ஆளை மட்டும் மாற்றி உட்கார வைத்திருக்கிறார். அறியாமையில் கிடக்கும் கிராமம், கடல் கடந்து வரும் அறிவாளி, அவன் மருந்து கொடுக்கிறான், பாடம் சொல்கிறான், சனங்கள் காலில் விழுகிறார்கள். இது வெள்ளைப் பாதிரி ஆப்பிரிக்காவுக்குப் போன கதை. பாதிரி இடத்தில் பல்லவ இளவரசன். காய்ச்சல் நோய்கள் பற்றி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நூல் எழுதி வைத்திருந்த நாடு சீனா. படத்தில் வரும் சீனர்களுக்கு ஒரு கஷாயம் போடத் தெரியவில்லை.

இருந்தாலும் அந்த முதல் அரைமணி நேரத்தில் ஒரு காட்சி என்னை விடவில்லை. நோய் கண்ட ஒரு சின்னப் பெண்ணை ஊர் கூடி வெளியே ஒதுக்கி வைக்கிறது. பெற்றவள் கதறுகிறாள். போதிதர்மன் அந்தக் குழந்தையைத் தேடிப்போய்த் தொட்டு வைத்தியம் பார்க்கிறான். ஊர், ஊருக்கு வெளியே, தொடாதே, தொட்டான். இந்தப் படத்தில் தீண்டாமையைப் பற்றிய ஒரே காட்சி இதுதான், அதுவும் சீனாவில் நடக்கிறது! தியேட்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதே இளவரசன் பிறந்த காஞ்சிபுரத்தில் ஊருக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று கேமரா திரும்பவே இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் இதே சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அதற்குச் சீனாக்காரன் யாரும் வந்து வசியம் பண்ணவில்லை.

அடுத்து ஒரு தந்திரம். போதிதர்மன் யார் தெரியுமா என்று சீனாவில் கேட்கிறார்கள், எல்லாருக்கும் தெரிகிறது. இங்கே கேட்கிறார்கள், எவனுக்கும் தெரியவில்லை. அடப்பாவமே, தமிழன் தன் வரலாற்றை மறந்துவிட்டானே என்று நாம் வெட்கப்பட வேண்டும். ஏன் மறந்தான் என்ற கேள்வியை மட்டும் படம் கேட்காது. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் காஞ்சியில் நூறு விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். மணிமேகலை கடைசியில் போய்ச் சேர்ந்த ஊரும் காஞ்சிதான். அவ்வளவு பேரும் எங்கே போனார்கள்? படம் பெருமைப்படும் அதே பல்லவ வம்சத்து மகேந்திரவர்மன் தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் புத்த பிக்குவைக் கள்ளுக்கும் பெண்ணுக்கும் அலைகிறவனாக்கிக் கேலி செய்தான். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்து உருக்கி ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பணி செய்ததை வைணவக் குருபரம்பரைக் கதைகள் பெருமையாகவே சொல்லும். அதே நாகையில் சீனக் கோபுரம் என்று பெயர் பெற்ற பௌத்தக் கோபுரத்தின் மிச்சத்தை 1867இல் வெள்ளை அரசாங்கத்தின் அனுமதியோடு பாதிரிகள் இடித்தார்கள். சேலம் மாவட்டம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த சிலை புத்தர்தான் என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2022 ஆகிவிட்டது. இதற்குப் பெயர் மறதியா? தலையை வெட்டிவிட்டு, ஏண்டா முகம் ஞாபகமில்லை என்று கேட்கிறார்கள்.

மறைக்கப்பட்ட அந்தப் பௌத்தத்தைத் தோண்டி எடுத்தவர் யார் என்று பார்த்தால் அயோத்திதாசப் பண்டிதர். வெல்ஸின் நாவல் புத்தகமாக வந்த அதே 1898இல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்'. பறையர் எனப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், தன்மத்தை விடாததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்றார். போதிதர்மனைத் தமிழன் என்று உரிமை கொண்டாட எவருக்காவது பாத்தியதை உண்டென்றால் முதலில் இவருக்கு உண்டு. படத்தில் பௌத்தம் ஒரு காவித் துணியாக மட்டும் வந்து போகிறது. போதியை எடுத்துவிட்டு, தர்மத்தை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற உடம்பைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

இந்த ரத்தக் கதை சென்னைக்குப் புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை தலைமைப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் அகப்பட்டவர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். அடையாற்றுக்கு 1882இல் வந்து சேர்ந்த பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார், லெமூரியர் மூன்றாம் மூல இனம், அட்லாண்டியர் நான்காம் இனம், ஆரியர் ஐந்தாம் இனம் என்று 1888இல் எழுதினார். என்னைக் கேட்டால் சென்னைக்கு வந்து சேர்ந்த முதல் அறிவியல் புனைவு அதுதான். ஆல்காட் அங்கேயே 1894இல் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி வைத்தார், அதை மறக்கவில்லை. ஆனால் அதே சபையின் தலைவியான அன்னிபெசன்ட் 1909இல் என்ன எழுதினார்? தலைமுறை தலைமுறையாகக் குடியாலும் நாற்றமடிக்கும் தீனியாலும் ஆன உடம்புகள் இவை, இன்னும் சில தலைமுறை சுத்தமாகச் சாப்பிட்டு வாழ்ந்த பிறகுதான் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் சேர்ந்து உட்காரத் தகுதி வரும் என்றார். அம்பேத்கர் பின்னாளில் இதை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். தலைமுறைகள் உடம்பில் படிந்திருக்கின்றன என்ற இந்த வாதத்தில் பெசன்ட் நம் பிள்ளைக்கு அழுக்கை ஏற்றினார், முருகதாஸ் அரவிந்துக்கு மகிமையை ஏற்றுகிறார். தராசு ஒன்றுதான்.

அந்தத் தராசை நம்பியவனுக்கு இட ஒதுக்கீடு உறுத்தாமல் இருக்குமா? திறமைசாலிகள் நாட்டைவிட்டு ஓடுவதற்கு ஊழல், சிபாரிசு இவற்றோடு சேர்த்து இட ஒதுக்கீட்டையும் காரணம் சொல்லும் வசனம் படத்தில் வந்தது, எதிர்ப்பும் எழுந்தது. வசனம் தவறி விழுந்ததென்று சிலர் சமாதானம் சொன்னார்கள். தவறி விழவில்லை, கதையின் வயிற்றிலிருந்தே வந்தது. திறமை ரத்தத்தில் இறங்குகிறதென்றால் ஒதுக்கீடு அதற்குக் குறுக்கே நிற்கும் சுவர்தானே? படத்தைத் தயாரித்தது திராவிட இயக்கத் தலைவர் வீட்டு நிறுவனம் என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது? ஆயிரத்தைந்நூறு வருசம் என்றால் ஏறக்குறைய அறுபது தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் இரட்டிக்கும், அவரவர் பங்கு பாதியாகும். பதினைந்து தலைமுறைக்கு மேலே போனாலே பெரும்பாலான முன்னோரிடமிருந்து நம் உடம்பில் ஒரு துண்டு மரபணுகூட மிஞ்சியிருக்காது. சுபாவின் ஆராய்ச்சி முதல் பரீட்சையிலேயே தோற்றிருக்கும். இந்தியச் சாதிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொல்கிறது. ஏறத்தாழ 4,200 வருசத்துக்கு முன்பிருந்து 1,900 வருசத்துக்கு முன்புவரை இங்கே எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள். பிறகுதான் அகமணம் கதவைச் சாத்தியது. சாத்திய கதவுக்குள் மகிமை விளையவில்லை, நோய்தான் விளைந்தது. ஆந்திர வைசியரில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஊசி ஆகாது, மூச்சுத் தசைகள் நெடுநேரம் செயலற்றுவிடும். பல நூறு தலைமுறை இல்லை, நூறு தலைமுறை சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டதன் பலன் அது. சென்னைப் பார்ப்பனருக்கும் சென்னைப் பறையருக்கும் இன வேற்றுமை என்ன இருக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே கேட்டுவிட்டார்.

டோங் லீயைப் பற்றியும் சொல்லவேண்டும். நடித்தவர் ஜானி ட்ரி நுயென், வியட்நாம்காரர். சீனப் பேரரசுகளை நூற்றாண்டுக் கணக்கில் எதிர்த்து நின்ற சனம். நம்ம சினிமாவுக்கு அந்த வேற்றுமை எல்லாம் தேவையில்லை, கண் சிறுத்திருந்தால் சீனாக்காரன். அவன் சிரிப்பதில்லை, அழுவதில்லை, நாய்க்கு ஊசி போட்டு நோய் பரப்புகிறான். நோயும் இனமும் ஒரே முகத்தில் ஒட்டப்படுகின்றன. தியாகராய நகர் ஓட்டல்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். 2020இல் நாடு முழுக்க இவர்களைப் போன்றவர்களைக் கொரோனா என்று கூப்பிட்டார்கள், வீட்டைக் காலிபண்ணச் சொன்னார்கள். ஒட்டுவாரொட்டி, தள்ளி நில்லு என்கிற பாஷை யாருக்குப் பழகிய பாஷை? அதைக் கேட்டு வளர்ந்த நாம் அந்தப் படத்துக்குக் கைதட்டினோம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போதிதர்மனைப் பற்றி ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. தென்னிந்திய அரசனின் மகன் என்பது இன்னொரு குறிப்பு. ஷாவோலின் சண்டைக்கலைக்கு அவரே தந்தை என்ற கதை பதினேழாம் நூற்றாண்டுக்கு முன் இல்லை. ஆனால் அவருடைய வாரிசு யார் என்பதில் சென் பௌத்தர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய துவராடையும் திருவோடும் குருவிடமிருந்து சீடருக்குக் கைமாறி வந்தன, பிள்ளைக்குப் போகவில்லை. ஆறாவதாக அவற்றைப் பெற்றவர் ஹுய்நெங். தெற்கத்தி ஆள், விறகுவெட்டி, எழுத்துத் தெரியாது. மடத்துக்கு வந்தபோது, தெற்கத்திக் காட்டுமிராண்டி நீ, புத்தனாவது எப்படி என்று குருவே கேட்டார். மனுசருக்குத்தான் வடக்கு தெற்கு, புத்தத்தன்மைக்கு அது ஏது என்று இவர் திருப்பிக் கேட்டார். எட்டு மாசம் நெல் குத்த வைத்தார்கள். பிறகு ஒரு நடுராத்திரியில் குரு அவரைக் கூப்பிட்டு, ஆடையையும் ஓட்டையும் கையில் கொடுத்து, விடிவதற்குள் ஓடிப்போய்விடு, தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று ஆற்றங்கரைவரை வந்து படகேற்றி அனுப்பினார். படித்த சீடர்கள் நூற்றுக்கணக்கில் அந்தத் துணியைப் பிடுங்க அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.