கணினிக்குள் ஏறும் டார்ஜிலிங் ரயில்
ரயில் சிமுலேட்டருக்காக இரண்டடி அகலத் தண்டவாளத்தைக் கணினியில் போடுவது எளிது. சுற்றியுள்ள டார்ஜிலிங்கைப் போடுவதுதான் பெரும்பாடு. 1881இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில் ஹில் கார்ட் சாலையை விட்டு அதிகம் விலகாது. கடைவாசலை உரசும், சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் ஓடும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவோ சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். அதை அப்படியே நம்பினால் மலைச்சரிவு தண்டவாளத்தை விழுங்கிவிடும். பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் பார்த்துப் பார்த்து, பாதையோர மண்ணைக் கையால் இழைக்க வேண்டும்.

என் மயக்கமெல்லாம் இசட் திருப்பங்களில்தான். நேராக ஏற வழியில்லாத இடத்தில் ரயில் பின்னோக்கி நகர்ந்தே ஒரு படி ஏறி, பிறகு மறுபடி முன்னே போகும். சிமுலேட்டரில் ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி, பாதை மாற்றி, ரிவர்ஸ் போடும்போதுதான் அந்தக் காலப் பொறியாளர்களின் சாமர்த்தியம் உறைக்கிறது.

இந்த ரயிலின் பி-வகுப்பு நீராவி எஞ்சினின் முகப்பில் ஆட்கள் உட்கார்ந்து, சக்கரம் வழுக்காமலிருக்க ஈரத் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். கணினியில் அந்த வேலை ஒரு பொத்தானாகச் சுருங்கிவிடுகிறது. உருவாக்குபவர்கள் பொம்மையாகவாவது அவர்களை முன்னால் உட்கார வைக்கலாம்.