ஆயிரமாவது குண்டு

2010 டிசம்பர் 10 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டால்கிரென் என்ற ஊரிலுள்ள கடற்படை ஆய்வு மையத்தில், ரெயில்கன் எனப்படும் ஒரு மின்காந்தப் பீரங்கி 33 மெகாஜூல் ஆற்றலோடு குண்டை வெளியே தள்ளியது. டால்கிரென் சோதனைகளின் அதிவேகப் படங்களில் குண்டுக்குப் பின்னால் பெரும் தீப்பிழம்பு ஒன்று புரண்டு வருவதைக் காணலாம். அந்தப் பீரங்கியில் வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. எரிவது பீரங்கியின் உடம்பேதான். குண்டைத் தள்ளிச் செல்லும் அலுமினியத் துண்டும் தண்டவாளங்களின் மேற்பரப்பும் உருகி, ஆவியாகி, வெளிக்காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்கின்றன. ரெயில்கன்னைப் பற்றிய செய்திகள் இந்தத் தீயை அதன் வலிமைக்குச் சான்றாகவே காட்டின. தேய்மானத்துக்கான சான்று அது. இந்த ஆயுதத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்ததும் அதுவே. ஒரே ஒரு குண்டை வைத்து அளந்தால் ரெயில்கன் மலைக்கவைக்கும். ஆயிரமாவது குண்டை வைத்து அளந்தால்தான் அது ஆயுதமா, ஆய்வகச் சாதனையா என்பது தெரியவரும். அறிவியல் புனைகதை முதல் அளவுகோலைக் கையில் எடுத்தது. அதைச் செய்ய அதற்கு உரிமை உண்டு. கப்பலில் ஆயுதம் ஏற்றுகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

அமைப்பு எளிதுதான். இணையாக இரண்டு உலோகத் தண்டவாளங்கள், அவற்றை இணைத்தபடி வழுக்கி ஓடும் ஒரு கடத்தி, அதன் முன்னால் குண்டு. ஒரு தண்டவாளத்தில் பாயும் மின்சாரம் கடத்தியைக் கடந்து மற்றதில் திரும்பும்போது எழும் காந்தப்புலம் கடத்தியை முன்னே உந்துகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால், பல பத்து லட்சம் ஆம்பியரைப் பாய்ச்சுகிறார்கள். எண்ணம் பழையது. ஃபோஷோன்-வில்ப்ளே என்ற பிரெஞ்சுக்காரர் 1922-லேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 3 கிராம் எடையுள்ள ஒரு துண்டை வினாடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். வெடிமருந்துப் பீரங்கியால் அந்த வேகத்தை நெருங்க முடியாது, ஏனென்றால் வெடித்து விரியும் வாயுவின் வேகமே குண்டின் வேகத்துக்கு வரம்பு கட்டிவிடுகிறது. கப்பல்களில் உள்ள 5 அங்குலப் பீரங்கியின் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 800 மீட்டரில் கிளம்பி, இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் விழுந்துவிடுகிறது. டால்கிரெனில் எட்டிய வேகம் வினாடிக்கு 2500 மீட்டர்.

இந்த ஆயுதத்துக்காகப் பேசியவர்கள் வேகத்தைக் காட்டியே மயக்கினார்கள் என்று ஒதுக்குவது அநியாயம். அவர்கள் பக்கம் கனமான நியாயங்கள் இருந்தன. 1916-இல் ஜட்லாண்ட் போரில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தங்கள் சொந்த மருந்துக் கிடங்கு வெடித்தே சிதறின. அந்த மூன்றில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். உந்துமருந்தே இல்லாத பீரங்கி அந்தப் பயத்தில் பெரும்பகுதியைப் போக்கிவிடும். இரண்டாவது நியாயம் எண்ணிக்கை பற்றியது. அமெரிக்காவின் இன்றைய நாசகாரிக் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் ஏவுகணைக்கு 90 அல்லது 96 குழிகள் உள்ளன. அவை காலியானால் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியாக வேண்டும். பத்துக் கிலோ குண்டுகளோ நூற்றுக்கணக்கில் அடங்கும். மூன்றாவது நியாயம் விலை. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் ஹூதிகளின் மலிவான டிரோன்களை வீழ்த்த, ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் ஏவுகணைகளை அமெரிக்கக் கப்பல்கள் செலவிட்டன. ஒரு குண்டுக்கு 25,000 டாலர்தான் ஆகும் என்று தொடக்கத்தில் கடற்படை சொன்ன கணக்கை இதன் அருகில் வைத்தால், ஆசை ஏன் பிறந்தது என்பது விளங்கும். இந்த மூன்று நியாயங்களில் ஒன்றுகூட இன்றும் செல்லாததாகிவிடவில்லை.

சிக்கல் குழலுக்குள் இருக்கிறது. பத்து மீட்டர் நீளக் குழலில் பத்துக் கிலோ பொருளை வினாடிக்கு 2500 மீட்டருக்கு ஏற்ற வேண்டுமானால், வேலை எட்டு மில்லி வினாடியில் முடிந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 4000 மெகாவாட், அதாவது கூடங்குளத்தின் 1000 மெகாவாட் அலகுகள் நான்கைச் சேர்த்தாற்போல. எந்தக் கப்பலின் மின்னாக்கியாலும் இதை நேரடியாகத் தர இயலாது. எனவே மின்தேக்கிகளில் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் கொட்டுகிறார்கள். கொட்டிய மின்சாரம் முழுவதும் குண்டைத் தள்ளுவதில்லை, பாதிக்கு மேல் வெப்பமாகிறது. எதிரெதிர்த் திசையில் மின்சாரம் பாயும் இரு தண்டவாளங்களும் ஒன்றையொன்று விலக்குவதால், ஒவ்வொரு சூட்டிலும் குழல் தன்னைத்தானே பிளந்துகொள்ளப் பார்க்கிறது. கடத்தி தண்டவாளத்தை அழுத்தித் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். தொடுகை ஒரு கணம் விட்டாலும் இடைவெளியில் மின்வில் பாய்ந்து உலோகத்தை அரிக்கும். விடாமல் அழுத்திப் பிடித்தாலும், அந்த வேகத்தில் தண்டவாளத்தின் பரப்பில் கண்ணீர்த்துளி வடிவத்தில் குழிகள் விழுகின்றன. அடுத்த குண்டு அந்தக் குழிகளின் மேல்தான் ஓட வேண்டும். நிமிடத்துக்குப் பத்துச் சூடு என்பது கடற்படை வைத்துக்கொண்ட இலக்கு. வெப்பம் ஆறுவதற்கு ஆறு வினாடி, குழிகள் தாமாக ஆறுவதில்லை. ஆயிரம் சூடுகளைத் தாங்கும் குழல் வேண்டும் என்று இலக்கு வைத்தவர்கள், முழு ஆற்றலில் அதை எட்டியதாக ஒருபோதும் அறிவிக்கவில்லை. 2005-இல் தொடங்கி, ஏறத்தாழ 50 கோடி டாலரை விழுங்கிய திட்டம் 2021-இல் நிறுத்தப்பட்டது.

குழல் தாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? இங்கேதான் குண்டின் ஆற்றலை நிதானமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை எட்ட முயன்ற 32 மெகாஜூல் என்பது எட்டுக் கிலோ டி.என்.டி.யின் ஆற்றலுக்கும் குறைவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து அயோவா வகைப் போர்க்கப்பலின் 16 அங்குலப் பீரங்கி, 1225 கிலோ குண்டை வினாடிக்கு 762 மீட்டரில் சுட்டது. அதன் இயக்க ஆற்றல் 355 மெகாஜூல், குண்டுக்குள் இருந்த வெடிமருந்து தனிக் கணக்கு. எனவே ரெயில்கன்னின் சிறப்பு அழிவின் அளவில் இல்லை. தொலைவிலும் விரைவிலும் இருக்கிறது. ஆனால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சுட்டால் குண்டு போய்ச் சேர நிமிடங்கள் ஆகும். அதற்குள் இலக்கான கப்பல் இடம் மாறியிருக்கும், காற்று குண்டைத் தள்ளியிருக்கும். ஆக, குண்டுக்குள் வழிகாட்டும் கருவி வேண்டும். அந்தக் கருவி குழலுக்குள் புவியீர்ப்பைப் போல முப்பதாயிரம் மடங்கு முடுக்கத்தையும் கடுமையான காந்தப்புலத்தையும் தாங்க வேண்டும். அப்படியொரு கருவியை வைத்த குண்டு மலிவான உலோகத் துண்டாக இருக்க முடியாது. தொலைவு கூடக் கூட விலை என்ற நியாயம் கரைகிறது. என் பார்வையில் திட்டத்தின் அடிப்படைப் பிழை இதுதான். இந்தப் பீரங்கிக்கு இயல்பாகப் பொருந்தாத வேலையை, அதாவது தொலைதூரக் கரை தாக்குதலை, அதன் முதல் வேலையாக வைத்தார்கள்.

புனைகதையின் ரெயில்கன் இந்தக் கணக்குகளுக்குள் வருவதே இல்லை. 1996-இல் வந்த ‘இரேசர்’ படத்தில் அர்னால்டு சுவார்சனேகர் கைக்கொன்றாக இரண்டு ரெயில்கன்களைத் தூக்கிச் சுடுகிறார். குண்டு கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போவதாகப் படம் சொல்கிறது. ஒரு கிராம் உலோகம் ஒளியின் பாதி வேகத்தை எட்டினாலே 3000 டன் டி.என்.டி.யின் ஆற்றலைத் தாண்டிவிடும். சுடுபவர், சுடப்படுபவர், அவர்கள் நிற்கும் துறைமுகம் எதுவுமே மிஞ்சாது. 2009-இன் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தில் அமெரிக்கக் கப்பலொன்றின் ரெயில்கன், கடலில் இருந்தபடியே கீசா பிரமிடின் மேல் ஏறி நிற்கும் ராட்சத இயந்திரத்தை ஒரே சூட்டில் சாய்க்கிறது. ‘குவேக் 2’ விளையாட்டில் விசையை அழுத்திய கணமே குண்டு இலக்கில் இருக்கும். ‘ஹேலோ’ கதைகளின் விண்கப்பல்கள் மின்காந்தப் பீரங்கியால் 600 டன் குண்டை வினாடிக்கு 30 கிலோமீட்டரில் எறிகின்றன. அது ஏறத்தாழ 65 கிலோடன் அணுகுண்டுக்குச் சமம். இவற்றை அடுக்குவது படைப்பாளிகளைக் குறை சொல்ல அல்ல. எல்லாவற்றிலும் விடுபட்டிருப்பது ஒரே பொருள் என்பதைக் காட்டத்தான்: குழல். யாரும் குழலை மாற்றுவதில்லை, தண்டவாளத்தைத் தடவிப் பார்ப்பதில்லை, மின்தேக்கி எங்கே என்று கேட்பதில்லை.

கதை என்பது பொறியியல் கையேடு அல்லவே, அதை இப்படி எடைபோடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த வகைக்குள்ளேயே பொறுப்போடு எழுதியவர்கள் இருக்கிறார்கள். ராபர்ட் ஹைன்லைன் 1966-இல் எழுதிய நாவலில் நிலாவாசிகள் மின்காந்தக் கவண் கொண்டு பூமியின் மேல் பாறைகளை எறிகிறார்கள். காற்று இல்லாத, ஈர்ப்பு குறைந்த நிலாவில் கவண் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருக்கலாம், முடுக்கமும் மிதமாக இருக்கலாம். ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரில் கப்பலின் முதுகெலும்போடு சேர்த்துப் பொருத்திய ரெயில்கன்னைச் சுடும்போது, பின்னுதைப்பை ஈடுகட்ட இயந்திரத்தை உந்தவிடுகிறார்கள். மின்காந்தப் பீரங்கிக்குப் பின்னுதைப்பே இல்லை என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும். விண்வெளியில் காற்றுத் தடை இல்லை, அடிவானம் மறைப்பதில்லை, குண்டு வேகத்தை இழப்பதில்லை. ரெயில்கன்னின் குறைகளில் பாதி அங்கே உதிர்ந்துவிடுகின்றன. கடலோ எதிரானது. இருபது மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடிவானம் பதினாறு கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: எந்தப் புதுக்கருவியும் தொடக்கத்தில் தடுமாறும்; பொறுமை இருந்திருந்தால் குழலும் தேறியிருக்கும். பொருள் அறிவியல் முன்னேறும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் காத்திருக்கும்போது மற்றவை நின்றுவிடுவதில்லை. ரெயில்கன்னுக்காக வடிவமைத்த அதிவேகக் குண்டைச் சாதாரண 5 அங்குலப் பீரங்கியிலேயே போட்டுச் சுடலாம் என்று கண்டார்கள். 2018-இல் ‘டியூயி’ என்ற நாசகாரிக் கப்பல் அப்படி இருபது குண்டுகளைச் சுட்டது. 2020-இல் தரைப்படைப் பீரங்கியிலிருந்து கிளம்பிய அதே வகைக் குண்டு, சோதனையில் குரூஸ் ஏவுகணையாக நடித்த ஓர் இலக்கை வீழ்த்தியது. வேகம் ரெயில்கன்னைவிடக் குறைவு. ஆனால் குழலும் கப்பலும் ஏற்கெனவே இருக்கின்றன. மின்காந்த உந்துதலிலும் எல்லாம் தோற்றுவிடவில்லை. ‘ஜெரால்ட் ஃபோர்டு’ விமானந்தாங்கிக் கப்பல் விமானங்களை மின்காந்தத்தால்தான் ஏவுகிறது. அங்கே வேகம் மணிக்குச் சில நூறு கிலோமீட்டர்தான், மின்சாரம் உரசும் பரப்பின் வழியே பாய்வதும் இல்லை. அந்த வேறுபாடே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பீரங்கி தோற்று, அதன் துணைப்பயன் வெல்வது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. நார்வேயின் கிறிஸ்டியன் பிர்க்கலண்டு 1901-இல் மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை எடுத்தார். பொதுமக்கள் முன் சுட்டுக் காட்டியபோது மின்வில் வெடித்துக் கூட்டம் கலைந்தது. அந்த மின்வில்லைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிணைத்து உரம் செய்யும் முறையை அவர் சாம் ஐடேயோடு உருவாக்கினார். 1905-இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது.

இப்போது சரியான வழியில் போவது ஜப்பான் என்றே தோன்றுகிறது. அவர்கள் 32 மெகாஜூலைத் துரத்தவில்லை. 40 மில்லிமீட்டர் குழல், 320 கிராம் குண்டு, வினாடிக்கு 2000 மீட்டருக்கு மேல் வேகம்; குழல்வாயில் ஆற்றல் ஒரு மெகாஜூலுக்கும் குறைவுதான். 2023 அக்டோபரில் கடலில் முதன்முதலாகச் சுட்டுக் காட்டினார்கள். 2025-இல் ‘அசுகா’ சோதனைக் கப்பலிலிருந்து கடலில் மிதக்கும் உண்மையான கலத்தைக் குறிவைத்தார்கள். நோக்கம் தொலைதூரக் கரையைத் தகர்ப்பது அல்ல, அருகே பாய்ந்துவரும் ஏவுகணையை மறிப்பது. அந்தத் தொலைவில் சில வினாடி விரைவு உயிர்காக்கும். எண்ணிக்கை என்ற நியாயம் அங்கேதான் பலிக்கிறது. டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் 2017-இல் 12 மில்லிமீட்டர் சதுரக் குழலில் சோதித்தது என்பதால், இந்தியாவும் இந்தச் சிறிய வழியைக் கூர்ந்து கவனிப்பது நல்லது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஜப்பானியர் வேகத்தோடு சேர்த்து வெளியிட்ட இன்னோர் எண்: ஒரே குழலில் 120 சூடுகள். இன்னும் ஆயிரம் இல்லை. ஆனாலும் ஆயுதத்தை அளக்கும் எண் அதுவே. 2025 டிசம்பரில் அமெரிக்கா அறிவித்த புதிய பெரும் போர்க்கப்பல் திட்டத்தின் ஆயுதப் பட்டியலில் 32 மெகாஜூல் ரெயில்கன் மறுபடி இடம்பெற்றிருக்கிறது. ஒரு குழல் எத்தனை சூடு தாங்கும், அதைக் கடலில் வைத்தே மாற்ற முடியுமா, மாற்ற எவ்வளவு நேரமாகும் என்ற மூன்றுக்கும் எண்களில் பதில் வரும்வரை, அந்த 32-ஐ ஒரு கப்பலின் பலமாகக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை.