மணி வடிவ வரைபடம் சொல்லாத செய்தி

நொதிகளைப் பற்றிய பாடத்தில் மணி போன்ற ஒரு வரைபடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படுக்கை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் வினைவேகம். சூடு ஏற ஏற வேகம் கூடும். ஓர் உச்சத்தைத் தொட்டுச் சரியும். பக்கத்திலேயே இன்னொரு படம்: வினைபடுபொருள் போதிய அளவு இருந்தால், நொதியின் செறிவு இரட்டிக்கும்போது வேகமும் இரட்டிக்கும். இரண்டும் தவறல்ல. ஆனால் இவற்றை மட்டும் கற்ற மாணவர் இராயபுரம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் போய் நின்றால், அங்கே நடப்பதில் பாதிதான் அவருக்கு விளங்கும்.

மீன் செத்தாலும் அதன் நொதிகள் ஓய்வதில்லை. இரையைச் செரித்தவை இப்போது மீனையே செரிக்கத் தொடங்குகின்றன. அவற்றின் செறிவு குடலில் அதிகம். வயிறு முட்ட இரை தின்ற மத்தியும் நெத்திலியும் வயிறு வெடித்துப் போவது இதனால்தான். இறாலின் தலையைக் கிள்ளிவிட்டால் கறுப்புப் புள்ளிகள் குறைவதும் இதே கணக்கு. அந்தக் கருமைக்குக் காரணமான நொதி தலைப் பகுதியில் மிகுதி. பாடநூல்கள் உமிழ்நீரையும் மாவுப்பொருளையும் விட்டு ஒருமுறையாவது மீன் சந்தைப் பக்கம் வரக்கூடாதா?

வெப்பநிலைப் படத்தின் மீது எனக்குள்ள குறை பெரிது. மணியின் இரு சரிவுகளும் ஒரே மாதிரி வரையப்படுகின்றன. வலப்பக்கத்தில் நொதியின் புரதக் கட்டமைப்பு சிதைகிறது. வெந்த முட்டை பச்சை முட்டை ஆகாதது போல, அது பெரும்பாலும் மீள்வதில்லை. இடப்பக்கத்தில் எதுவும் சிதைவதில்லை. வேகம் தணிகிறது, அவ்வளவே. "குளிரில் நொதி செயலிழக்கிறது" என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். ஐஸ் பெட்டிக்குள்ளும் நொதி மெல்ல வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்தப் படத்தில் கடிகாரம் இல்லை. 1913-இல் மிக்கேலிசும் மெண்டனும் தொடக்க வேகத்தை அளந்தார்கள். விளைபொருள் சேரச் சேரக் கணக்கு சிக்கலாகும் என்பதால் அது நியாயமே. நாமோ வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சேர்ந்த பொருளை மறந்துவிட்டோம். இயற்பியல் மாணவர் இப்படிச் செய்வாரா? பேருந்தின் வேகம் குறைந்ததால் கடந்த தூரம் குறையுமா?

சூரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்களின் நொதி ஒன்று அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. பிறகு ஐஸில் இட்டால் வேகம் தணியும். உண்டான ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். குழம்பு கொதித்தால் நொதி அழியும், ஹிஸ்டமின் அழியாது. தின்றவருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும்.

இனி ஒரு கணக்கு. 10 டிகிரிக்கு வேகம் இருமடங்கு என்று கொண்டால், 30 டிகிரியில் வேகம் ஐஸில் உள்ளதைப் போல் 8 மடங்கு. (பாக்டீரியாக்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.) 1 கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை ஏற்கும், 1 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 25 போதும். ஆகவே கொள்கையளவில் 1 கிலோ ஐஸ் 3 கிலோ மீனைக் குளிர்விக்கும். வெளியிலிருந்து வெப்பம் புகுவதால் படகுக்காரர்கள் அதைவிட நிறைய ஐஸ் ஏற்றிச் செல்கிறார்கள். ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் சென்னை வெயிலை நீங்கள் அறிவீர்கள்.

இன்று காலை பிடித்து 5 மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்த மீன் ஒன்று. பிடித்தவுடன் ஐஸில் இட்டு 30 மணி நேரம் ஆன மீன் மற்றொன்று. முதலாவதற்கு ஐஸ் கணக்கில் வயது 40 மணி. எதை வாங்குவீர்கள்?