பெயர் இல்லாத தெரு: மும்பையில் யூ2, 2019

தெருப் பெயர்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று ராக் கச்சேரியைப் பற்றி எழுதினால், சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இதுவும் தெருப் பெயர் விஷயம்தான். சுற்றி வளைத்து அங்கேதான் வரப்போகிறேன்.

2019 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பை நெரூலில் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். யூ2 இந்தியாவில் வாசித்த முதல் கச்சேரி. அந்த வருஷ ‘ஜோஷுவா ட்ரீ’ சுற்றுப்பயணத்தின் கடைசி நாளும் அதுதான். சனிக்கிழமை காலையிலேயே சென்னையிலிருந்து போய்விட்டேன். செம்பூரில் கல்லூரி நண்பன் வீடு. இன்னொருவன் புனேவிலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருந்த மூன்று பேர். அந்த ரூமில் இருந்த ஒரே யூ2 கேசட், யாரோ கொடுத்ததிலிருந்து டிடிகேயில் பதிவு பண்ணியது.

அந்தக் கேசட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘ஜோஷுவா ட்ரீ’ 1987 மார்ச்சில் வந்த ஆல்பம். பிரையன் ஈனோவும் டேனியல் லன்வாவும் தயாரித்தது. மொத்தம் 11 பாட்டு. ஊருக்கே தெரிந்த மூன்று பாட்டும் முதல் பக்கத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதனால் எங்கள் ரூமில் ‘ஏ’ பக்கம் தேய்ந்துபோனது, ‘பி’ பக்கம் புதுசாகவே இருந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டவன் செம்பூர் நண்பன் ஒருத்தன்தான்.

மும்பையில் அவர்கள் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் வாசித்தார்கள். பழைய ஆல்பத்தை முழுசாக வாசிப்பதை ஒரு வியாபார உத்தி என்பார்கள். வயசான ரசிகனின் பர்ஸுக்கு அது சுலபமான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு. நாற்பதாயிரம் ரூபாய் போன்களெல்லாம் முதல் மூன்று பாட்டுக்கு மேலே தூக்கியபடி இருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ‘ரெட் ஹில் மைனிங் டவுன்’ வந்தபோது எங்களுக்கு முன்வரிசை பாதி காலி, தண்ணி வாங்கப் போயிருந்தார்கள். பிரிட்டனில் 1984-85இல் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட பாட்டு அது. 2017க்கு முன் யூ2 அதை மேடையில் வாசித்ததே கிடையாது.

என் தீர்ப்பு இது: அன்றைய கச்சேரியின் உயிர் அந்த ‘பி’ பக்கத்தில்தான் இருந்தது. ‘ஒன் ட்ரீ ஹில்’ விபத்தில் செத்துப்போன ஒரு மாவோரி நண்பருக்கான பாட்டு. ‘மதர்ஸ் ஆஃப் தி டிஸப்பியர்ட்’ அர்ஜென்டினாவிலும் எல் சால்வடாரிலும் காணாமல் அடிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்களுக்கானது. இந்தப் பாட்டுகளுக்குக் கூட்டம் கூடச் சேர்ந்து கத்தாது. கத்த முடியாது. கத்த முடியாத பாட்டை ஸ்டேடியத்தில் வைத்து வாசிக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதன் பிறகு வந்த ‘எலிவேஷன்’, ‘வெர்டிகோ’ எல்லாம் அந்த மௌனத்தைத் துடைத்தெடுக்கவே வந்தது மாதிரி இருந்தது. நல்லா குதிச்சோம், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனம் இன்னும் ஐந்து நிமிஷம் இருந்திருக்கலாம்.

இனி முதல் பாட்டு. ‘வேர் தி ஸ்ட்ரீட்ஸ் ஹாவ் நோ நேம்’.

முதலில் ஆர்கன் மாதிரி ஒரு ஒலி மெல்ல எழும். பிறகு எட்ஜின் கிட்டார். குரல் வருவதற்கே கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் நிமிஷம் ஆகும். தொடக்கம் மூன்று கணக்கில் ஓடும், டிரம்ஸும் பேஸும் பிடித்ததும் நான்குக்கு மாறிவிடும். எட்ஜின் வித்தை அவர் வாசிக்கும் சுரங்களில் பாதிதான், மீதி அவற்றின் எதிரொலியில். டிலே கருவி ஒவ்வொரு சுரத்தையும் முக்கால் அடி தள்ளித் திருப்பிச் சொல்லும். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு சுமார் 126 அடி. அப்படியானால் ஒரு அடி 476 மில்லி விநாடி, முக்கால் அடி 357. ஒலி காற்றில் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். அதாவது மேடையிலிருந்து 120 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு மேடைக்கு முன்னால் தட்டும் கைத்தட்டல் எட்ஜின் எதிரொலி அளவுக்கே தாமதமாக வந்து சேரும். நாங்கள் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருந்தோம். மைதானமே அவருடைய டிலே கருவியாகிவிட்டது என்று கணக்குப் போட்டுப் பார்த்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். அங்கே நின்றபோது மயிர்க்கூச்சு மட்டும்தான். பின்னால் 200 அடி அகலத் திரை முழுக்கச் சிவப்பு. பிறகு ஆன்டன் கார்பைன் எடுத்த பாலைவனச் சாலை நம்மை நோக்கி ஓடி வருகிறது.

பாட்டு எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். பெல்ஃபாஸ்டில் ஒருவன் இருக்கும் தெருவின் பெயரைச் சொன்னால் அவன் மதம் தெரிந்துவிடும், வருமானமும் தெரிந்துவிடும். ஃபால்ஸ் ரோடு என்றால் கத்தோலிக்கர், ஷாங்கில் ரோடு என்றால் புராட்டஸ்டன்ட். நடுவில் சுவர். பெயரே இல்லாத ஒரு தெருவுக்குப் போய்விட வேண்டும் என்பது அங்கிருந்து பிறந்த ஆசை. பாட்டின் வரிகள் முழுமை பெறாத வரைவு மாதிரிதான் என்று போனோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விமர்சகனாக நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் யாரைக் கேட்டார்கள் என்று எதுவும் பாட்டில் இல்லை. பெயரை எடுத்துவிட்டால் விடுதலை என்று கிட்டார் சொல்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம்.

நமக்கு இது புதுக்கதை இல்லை. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயரை எடுக்க ஆணை வந்தது. தி.நகரின் ஜி.என். செட்டி ரோடு பலகையில் ஜி.என். ரோடு ஆனது. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் செட்டி ரோடு என்றால்தான் வண்டி நகரும். ஆணை தப்பு என்று சொல்லவில்லை, வேண்டியதுதான். ஆனால் பலகை மாறினாலும் கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். முதலாம் ஆண்டு, ஹாஸ்டலில் இரண்டாவது நாள். செம்பூர் நண்பன் தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். எனக்கும் அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. “அங்க எந்தத் தெரு?” என்று கேட்டேன். “ரயில்வே கேட் தாண்டி” என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவனுக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரே ரூம், ஒரே கேசட். அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவன் மும்பையில் வீடு தேடிய கதையைச் சொன்னான். புரோக்கர் சர்நேம் கேட்டிருக்கிறார். நம்மிடம் இருப்பது இனிஷியல். அதை விரித்தால் அப்பா பெயர். அதில் ஒன்றும் பிடிபடாமல் அவர், “வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?” என்று அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறார். இரண்டு வீடு அங்கேயே போச்சு. சிரித்துக்கொண்டே சொன்னான்: “நீ கேட்டதைத்தான்டா அவனும் கேட்டான். உன்னுது கொஞ்சம் டீசன்ட்டா இருந்துச்சு, அவ்ளோதான்.” புனேக்காரன் எழுந்து தண்ணி எடுக்கப் போய்விட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் மைதானத்தில் அந்தப் பாட்டு ஓடும்போது பக்கத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். பாட்டு பொய் சொல்கிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விமர்சனம் அங்கே தடுக்கியது. பெயர் இல்லாத தெரு என்று ஒன்று கிடையாது, அது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கத்துகிறான். இந்தப் பாட்டை வெறும் தப்பியோடல் என்று எழுதுவதற்கு என்னைப் போலத் தெருப் பெயரால் எந்த நஷ்டமும் வராதவனுக்குச் சுலபம். வரைவாகவே விட்டதால்தான் பாட்டில் அவனும் நுழைய இடம் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அது பெல்ஃபாஸ்டுக்காரனுக்கு மட்டும் உரியதாகியிருக்கும்.

கடைசிப் பகுதியில் ஏ.ஆர். ரஹ்மானும் அவர் மகள்கள் கதீஜா, ரஹீமாவும் மேடையேறி ‘அஹிம்சா’ பாடினார்கள். அதற்கு முந்தின மாதம்தான் வெளிவந்த பாட்டு, திருக்குறளை உள்ளே வைத்திருப்பது. நாங்கள் மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். ஆனால் பாட்டு சுமார்தான். குறளின் பலம் அதன் வாதத்தில் இருக்கிறது. இரண்டு அடிக்குள் ஒரு நியாயத்தைச் சொல்லி, கேட்பவனைத் திகைக்க வைத்து முடித்துவிடும். அதை நீட்டி, புகை மாதிரி பரவ விட்டால் நல்ல மணம் வரும், வாதம் போய்விடும். அப்படியானால் நாங்கள் எதற்குக் கத்தினோம்? அத்தனை ஆயிரம் பேர் நடுவில் ‘இது நம்ம தெரு’ என்றுதான். அதே கச்சேரியில் முன்னால் தெருவுக்குப் பெயரே வேண்டாம் என்று பாடிய அதே வாய்.

நெரூலில் ஹார்பர் லைன் ரயில் ஏறி, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே போனைத் திறந்தால், டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்துக்குள் போலீஸ் நுழைந்த செய்தி. அதே சாயங்காலம். அதற்குப் பிறகு செம்பூர் வரை யாரும் அஹிம்சா பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவனிடம், “அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா” என்றேன். “இருபது வருஷம் டிலே” என்றான். “உள்ள வா, கொசு வருது.”

என் தெருப் பெயர்ப் பட்டியலில் இதுவரை மூன்று பத்தி இருந்தது: பழைய பெயர், புதிய பெயர், மாறிய ஆண்டு. ஊர் திரும்பியதும் நாலாவதாக ஒன்று சேர்த்தேன்: பலகையில் இல்லாமல் ஊரார் இன்றும் சொல்லும் பெயர். அந்தப் பத்திதான் வேகமாக நிரம்பிக்கொண்டிருக்கிறது.