வெள்ளாட்டின் கண்

வெள்ளாட்டின் கண்ணைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தேன் நிற விழியின் நடுவே கண்மணி வட்டமாக இருக்காது. படுக்கைவாட்டில் நீண்ட செவ்வகமாக இருக்கும். வெயில் ஏற ஏற ஒடுங்கிக் கோடாகிவிடும்.

கண்மணிதான் ஒளி நுழையும் வழி. நமக்கு அது வட்டம். பூனைக்குப் பகலில் செங்குத்துப் பிளவு. பதுங்கிப் பாயும் பூனைக்கு இரையின் தூரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். மேயும் ஆட்டுக்கோ நாலாபுறமும் தெரிய வேண்டும். தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களும் கிடைமட்டக் கண்மணியும் சேர்ந்து, பின்னால் சிறு பகுதி தவிரச் சுற்றியுள்ள தரை முழுவதையும் அதற்குக் காட்டிவிடுகின்றன. உச்சி வெயிலின் கூச்சமும் குறைகிறது.

இதைவிட அழகு ஒன்று உண்டு. ஆடு தலை குனிந்து புல்லைக் கடிக்கும்போது கண்மணி தலையோடு சாய்வதில்லை. விழி குழிக்குள்ளேயே சுமார் 50 பாகை சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கிறது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பேங்க்ஸ் குழு 2015-ல் இதை விளக்கியது. நம் விழி இப்படிச் சுழல்வது சில பாகைகள்தான்.

அடுத்த முறை மேய்கிற ஆட்டைக் கண்டால் சற்று நின்று, குனிந்து அதன் கண்ணைப் பாருங்கள்.