ஒரே லென்ஸ், இரண்டு நிக்கோன்: மூதூரில் குடும்பப் படம்

பிலிம் நல்லதா, டிஜிட்டல் நல்லதா என்று வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு லென்ஸில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். லென்ஸின் குணம் கமெராவின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் ஒரே 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை நிக்கோன் எஃப்.எம்.2 பிலிம் கமெராவிலும் நிக்கோன் டி750 டிஜிட்டலிலும் மாற்றி மாற்றி மாட்டி, மூதூரில் உறவுக்காரர் வீடுகளில் படம் எடுத்துப் பார்த்தேன். 1959இல் வந்த எஃப் மவுண்டை நிக்கோன் கைவிடாததால், 1982இல் அறிமுகமான கமெராவுக்கும் 2014இல் வந்ததற்கும் இந்த லென்ஸ் பொருந்துகிறது. டி750இல் அபர்ச்சர் வளையத்தை 22இல் பூட்டிவைக்கவேண்டும், இல்லையென்றால் கமெரா பிழை காட்டி நின்றுவிடும். எஃப்.எம்.2க்கு மாற்றும்போது அந்தப் பூட்டைத் திறக்க மறந்தால் அது மறிக்காது. மீட்டரில் மைனஸ் எரியும், அவ்வளவுதான்.

எஃப்.எம்.2இன் ஷட்டர் முழுக்க இயந்திரம். இரண்டு பொத்தான் பற்றரியும் மீட்டருக்கு மட்டுமே. அவை செத்தாலும் 1/4000 செக்கன் வரை எல்லா வேகமும் வேலைசெய்யும். குறை லென்ஸில் இருக்கிறது. ஓட்டோஃபோகஸுக்காகச் செய்யப்பட்டதால் ஃபோகஸ் வளையம் மெலிது, தளர்வு, கொஞ்சம் தொட்டாலே ஓடிவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கு மாலை நேரத்தில் பெரிய தொந்தரவு.

இனி வெளிச்சம். கொட்டியாரக் குடா மூதூருக்கு வடக்கே இருக்கிறது. குடாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக் குடும்பத்தை நிறுத்தினால் மாலை வெயில் அவர்களின் வலக் கன்னத்தில் விழும். அசர் தொழுகை முடிந்து மஃரிபுக்கு முன் உள்ள நேரம் இதற்கு வாய்ப்பு. ஆனால் குடும்பம் கூடுவதோ பெருநாளில், பகலில், வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக. மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் கறுக்கும். முகத்துக்காக ஒரு ஸ்டொப் கூட்டினால் டிஜிட்டலில் சட்டை சுண்ணாம்புச் சுவராகிவிடும். ரோ ஃபைலில் எடுத்தால் ஓரளவு மீட்கலாம், ஜேபெக்கில் கிடைக்காது. பிலிமுக்கு இந்தப் பயமே இல்லை. கொடக் கோல்ட் 200ஐ 100 என்று வைத்து எடுத்தேன். தையல் மடிப்பு வரை சட்டையில் தெரிந்தது, முகமும் நிறம் மாறாமல் வந்தது. கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்த வெளிச்சத்தைத்தான் தாங்காது.

அந்தக் குறை விறாந்தையில் தெரிந்தது. மூன்று வரிசை ஆட்கள் என்றால் எஃப் 8 வேண்டும். ஐந்து மீற்றர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழுவது ஒரு மீற்றர் ஆழம்தான், பின்வரிசை மாமிமார் மங்கிப்போவார்கள். எஃப் 8இல் மூன்றரை மீற்றரிலிருந்து ஒன்பது மீற்றருக்கு மேல் வரை பிடிக்கும். ஆனால் நிழலில் ஐ.எஸ்.ஓ. 200 பிலிமுக்கு அப்போது 1/60 செக்கன்தான் கிடைத்தது. மடியில் இருக்கும் குழந்தை 1/60க்கு அடங்குமா? டி750இல் ஐ.எஸ்.ஓ. 800க்கு ஏற்றினேன், 1/250 கிடைத்தது. றோல் முடியும்வரை பிலிமில் அந்த வசதி இல்லை.

கண் மூடும் சிக்கலுக்கு ஒரு கணக்கே உண்டு. அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் அதைப் போட்டு 2006இல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபதுக்குக் குறைந்த கூட்டமென்றால் ஆட்களின் எண்ணிக்கையை நல்ல வெளிச்சத்தில் மூன்றாலும் மங்கலில் இரண்டாலும் பிரி, அத்தனை படம் எடு என்றார்கள். பதினெட்டுப் பேருக்கு வெளியில் ஆறு, விறாந்தையில் ஒன்பது. 36 படம் உள்ள றோலில் ஒரே கூட்டத்துக்குக் கால்வாசி போய்விடும். டி750 ஒன்பதையும் இரண்டு செக்கனுக்குள் எடுத்துவிடும். கூட்டப் படத்துக்கு டிஜிட்டல்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

தனி ஆள் என்றால் கதை வேறு. உம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, “இஞ்ச பாருங்க” என்று எஃப்.எம்.2ஐத் தூக்கினால் அவர் ஒருமுறை பார்ப்பார். அந்த ஒருமுறை போதும். டி750இன் திரையை யாராவது காட்டிவிட்டால் அடுத்த படத்துக்கு முக்காட்டைத் திருத்திக்கொண்டே இருப்பார்.

றோல் எனக்குக் கொழும்பிலிருந்து வருகிறது, கலர் கழுவவும் அங்கேதான் போகிறது. கட்டாரிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள், விமானநிலையத்தின் புதிய சி.டி. ஸ்கானருக்குள் போகாமல் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லவேண்டும், அந்தக் கதிர் பிலிமைப் புகைமூட்டமாக்கும். கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம். அதற்கு 20 பாகை வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ்கட்டி போடாமல் அது நடக்காது.

பத்திரப்படுத்தலில் இரண்டுமே பலவீனம். உப்புக்காற்றிலும் ஈரத்திலும் நெகட்டிவில் பூஞ்சணம் பிடிக்கும், ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகும். 2004 சுனாமியிலும், 2006இல் போரால் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோதும் ஆல்பத்தை இழந்த வீடுகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிநாட்டு உறவினரிடமிருந்து திரும்பி வந்தவை காகிதப் பிரதிகள். டி750இன் 24 மெகாபிக்சலில் 12க்கு 18 அங்குலப் பிரதி தாராளமாகப் போடலாம். வட்ஸ்அப்பில் போனது அந்த அளவுக்குத் தாங்காது.

புதிதாக வாங்குகிறவர் பழைய டி750 ஒன்றையும் இந்த லென்ஸையும் வாங்கட்டும். எஃப்.எம்.2 வீட்டில் சும்மா கிடந்தால் ஷட்டரைச் சரிபார்த்து, முதல் றோலை வீட்டு மூத்தவர்களுக்கு ஒதுக்குங்கள். எதில் எடுத்தாலும் மூன்று பிரதி போடுங்கள், ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.